வயதாவது செல்லுக்கா, பல்லுக்கா?

மாட்டுச் சந்தையில் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என்று அவர்கள் போடும் வயதுக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மனிதப் பல்லிலும் வயது அப்படிப் பதிகிறது. 1950இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப்சன் என்ற பல் ஆய்வாளர், இறந்தவரின் பல்லைக் கொண்டு அவர் வயதைக் கணிக்க ஆறு அடையாளங்களைத் தொகுத்தார். பல்லின் மேல்பரப்புத் தேய்வது, ஈறும் அதன் பிடிப்பும் இறங்குவது, பல்லுக்குள் புதிய டென்டைன் படிவது, வேரின் மேல் சிமென்டம் தடிப்பது, வேர்நுனி கரைவது, வேரில் ஒளி ஊடுருவத் தொடங்குவது ஆகியவையே அவை. தடயவியலில் இன்றும் பேசப்படும் முறை இது.

இந்த ஆறில் மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பல் தேய்வதும் ஈறு இறங்குவதும் வெளியிலிருந்து வரும் சேதங்கள். பல்லுக்குள் டென்டைன் படிவது அப்படியல்ல. அது உயிருள்ள செல்கள் செய்யும் வேலை. பல்லின் மேல் உறையான எனாமலை உருவாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால்தான் சொத்தை விழுந்த எனாமல் தானாக மீண்டும் வளர்வதில்லை. அதற்கு அடியில் இருக்கும் டென்டைனின் கதை வேறு. அதன் உட்சுவரை ஒட்டி ஒடான்டோபிளாஸ்ட் என்னும் செல்கள் வரிசையாக நின்று, பல் உயிரோடு இருக்கும்வரை மெல்ல மெல்ல டென்டைனைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், பல்லின் நடுவே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இணைப்புத் திசுவும் கலந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. 32 நிரந்தரப் பற்களின் பற்கூழையும் ஒன்றாகத் திரட்டினாலும் அரை மில்லிலிட்டரைத் தொடாது. பல்லைப் பழுதுபார்க்கும் ஸ்டெம் செல்கள் வாழ்வது இந்தச் சிறு திசுவில்தான்.

வயது ஏற ஏற டென்டைன் உள்நோக்கித் தடிக்கிறது. பற்கூழின் அறை சுருங்குகிறது. இருபது வயதில் விசாலமாக இருந்த அறை எழுபதில் எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிவதைப் பல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். இருபது முதல் எழுபது வயதுக்குள் பற்கூழில் செல்களின் அடர்த்தி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. நார்கள் கூடுகின்றன, நரம்பிழைகளும் நுண்குழாய்களும் குறைகின்றன, ஆங்காங்கே சுண்ணக் கட்டிகள் தோன்றுகின்றன. பற்கூழுக்கு இரத்தம் வரும் வாசல் வேர்நுனியில் இருக்கும் சிறு துளை. வளர்ந்தவர் பல்லில் அதன் மிகக் குறுகிய இடம் 0.3 மில்லிமீட்டர் அளவே. சுற்றிலும் கெட்டிச் சுவர் என்பதால், உள்ளே வீக்கம் வந்தால் திசு விரிவடைய இடமில்லை. உடலின் பெரும்பாலான மென்திசுக்களுக்கு இல்லாத நெருக்கடி இது.

இத்தனை குறுகிய இடத்தில் ஸ்டெம் செல்கள் இருப்பதை உறுதிப்படுத்தியது, அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். பிடுங்கப்பட்ட ஞானப்பற்களிலிருந்து பற்கூழை எடுத்து, செல்களைத் தனியாகப் பிரித்து வளர்த்து, ஸ்டான் கிராந்தோஸும் சோங்டாவ் ஷீயும் அவர்களின் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தச் செல்களை எலியின் தோலுக்கு அடியில் வைத்தபோது அவை டென்டைன் போன்ற திசுவையும், அதை ஒட்டிப் பற்கூழ் போன்ற திசுவையும் உருவாக்கின. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அதேபோல் வைத்தால் எலும்பு உருவானது. ஒவ்வொரு செல்லும் தான் பிறந்த இடத்தின் திசுவையே படைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தரும் செய்தி.

அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், குழந்தைகளுக்கான பல் மருத்துவரும் ஆய்வாளருமான ஷீ, தம் ஆறு வயது மகளின் விழுந்த பால்பல்லுக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கவனித்தார். அடுத்து விழுந்த பல்லைச் செல் வளர்ப்புத் திரவத்தில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். உள்ளே உயிரோடு இருந்தன ஸ்டெம் செல்கள். ஒரு முன்பல்லில் 12 முதல் 20 வரையிலான செல்களே புதிய தொகுதிகளாக வளர்ந்தன. ஆனால் அவை நிரந்தரப் பல்லின் செல்களைவிட வேகமாகப் பெருகின. சாணத்தில் பொதிந்து கூரையின் மேல் நாம் எறியும் பால்பல்லில் இப்படி ஒரு ஆற்றல் இருக்கிறது என்பது 2003 வரை யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல்லை எலும்போடு கட்டிவைக்கும் பற்சூழ் தசைநாரிலும், முளைக்காத பல்லைச் சுற்றியுள்ள பையிலும், வளரும் வேரின் நுனியிலுள்ள மென்திசுவிலும் ஸ்டெம் செல்கள் கண்டெடுக்கப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆற்றல் இல்லை. இளம் திசுவின் செல்கள் பொதுவாக அதிகமாகப் பெருகுகின்றன.

இங்கேதான் வயது பற்றிய கேள்வி எழுகிறது. ஒரு செல்லுக்கு இரண்டு வகையாக வயதாகலாம். அதைத் தந்த மனிதரின் வயது ஒன்று. ஆய்வுக்கூடத்தில் அது எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்பது இன்னொன்று. இருபது செல்களோடு தொடங்கி பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அவை ஏறத்தாழ பதினாறு முறை இரட்டிப்பாக வேண்டும். சிகிச்சைக்கு வேண்டிய அளவு செல்கள் கிடைப்பதற்குள், குழந்தையிடமிருந்து வந்த செல்லும் கொஞ்சம் முதிர்ந்துவிடுகிறது. உயிரியலாளர் லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டியதுபோல, சாதாரண மனித செல்கள் முடிவில்லாமல் பிரிவதில்லை. ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன. இறந்துபோவதில்லை, ஆனால் மீண்டும் பிரிவதும் இல்லை. உயிரியலில் இதைச் செல் முதுமை என்கிறோம்.

பற்கூழ்ச் செல்கள் இந்த நிலையை எட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. பி16 என்ற புரதம் கூடுகிறது. அது செல் பிரிவுக்கு முட்டுக்கட்டை போடும் புரதம். அதை அடக்கிவைக்கும் பிஎம்ஐ-1 என்ற புரதம் குறைகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. முதுமையடைந்த பற்கூழ் ஸ்டெம் செல்கள் பிரிவை நிறுத்துவதோடு, டென்டைன் ஆக்கும் செல்லாக மாறும் திறனையும் இழக்கின்றன என்று அது காட்டியது; பிஎம்ஐ-1ஐச் செல்லுக்குள் திரும்ப உயர்த்தினால் அந்தத் திறன் நீடித்தது. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, வயது மூத்தவர்களின் பற்கூழ்ச் செல்களில் பி16 உயர்வதையும் அதற்குப் பின்னால் டிஎன்ஏ சேதமும் நெருக்கடிக்கான எதிர்வினையும் இருப்பதையும் காட்டியது. முதுமையடைந்த செல் சும்மா இருப்பதில்லை என்பதுதான் கூடுதல் கவலை. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிப் பொருட்களை அது சுற்றுப்புறத்தில் கசியவிடுகிறது. பக்கத்திலுள்ள நல்ல செல்லும் அதில் நனைகிறது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல் ஸ்டெம் செல்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஞானப்பற்களிலிருந்தும், பல்வரிசையைச் சீராக்கப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களிலிருந்தும் வந்தது. ஞானப்பல் பெரும்பாலும் இருபதுகளில் பிடுங்கப்படுகிறது. பல்வரிசைக்காகப் பிடுங்குவது பத்து வயதைக் கடந்த சிறார்களிடம். ஆய்வுக்கு எளிதில் கிடைப்பது ஆரோக்கியமான இளம் பல். அறுபது வயதானவரிடம் பிடுங்கும் பல் பெரும்பாலும் சொத்தையாலோ ஈறு நோயாலோ கெட்டுப்போனது. அதிலிருந்து வரும் செல் வயதால் பலவீனமானதா, நோயால் பலவீனமானதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பழுதுபார்ப்பு தேவைப்படுபவர்கள் மூத்தவர்கள், நம் அறிவோ இளையவர்களின் பல்லிலிருந்து வந்தது என்ற இடைவெளி இந்தத் துறையின் பெரிய பலவீனம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இடைவெளியை நேராக எதிர்கொண்டவர்கள் ஜப்பானில், ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரிலுள்ள தேசிய முதியோர் நல ஆய்வு மையத்தைச் சேர்ந்த மிசாக்கோ நகாஷிமாவும் கோய்ச்சிரோ இயோஹாராவும். முதியோர் மையம் என்பதால் அவர்களிடம் இந்தக் கேள்வி இயல்பாகவே இருந்தது. பற்கூழ்ச் செல்களில் ஒரு சிறு பிரிவை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதத்தை எதிர்ப்புறம் வைத்து, அதன் ஈர்ப்பில் ஒரு நுண் சல்லடையைத் தாண்டி நகர்ந்து வரும் செல்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்குக் கொண்டுவரப் பயன்படும் அதே ஜி-சிஎஸ்எஃப்தான் இது. இந்தச் செல்களை இளையவர்களிடமிருந்தும் மூத்தவர்களிடமிருந்தும் எடுத்து ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள்.

முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. வழக்கமான முறையில் வளர்த்த பற்கூழ்ச் செல்களில் மூத்தவர்களின் செல்களும் இளையவர்களின் செல்களும் தெளிவாக வேறுபட்டன. நகர்ந்து வந்த அந்தச் சிறு பிரிவிலோ வேறுபாடு மிகக் குறைவு. பெருகும் வேகம், நகரும் திறன், சுற்றியுள்ள செல்களைத் தேற்றும் புரதங்களைச் சுரக்கும் அளவு எல்லாவற்றிலும் மூத்தவர்களின் செல்கள் இளையவர்களின் செல்களோடு போட்டியிட்டன. நீண்ட நாள் வளர்ப்பில் முதுமையின் அடையாளங்கள் சற்றே கூடின, அவ்வளவுதான். இரத்த ஓட்டம் தடைபட்ட எலியின் காலில் செலுத்திப் பார்த்தார்கள்; பல்வேரில் வைத்து உடலுக்குள் நட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் இருவகைச் செல்களும் ஏறக்குறைய ஒரே அளவு திசுவை மீட்டுத் தந்தன. அப்படியானால் மூத்தவரின் பற்கூழில் நல்ல செல் தீர்ந்துபோவதில்லை. எண்ணிக்கையில் குறைந்து, மற்ற செல்களிடையே சிதறிக் கிடக்கிறது.

அதே ஆண்டு அதே குழு செய்த இன்னொரு பரிசோதனை கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. இந்தமுறை நாய்கள். பற்கூழ் அகற்றப்பட்ட நாய்ப் பற்களுக்குள் அந்தந்த நாயின் சொந்தச் செல்களை ஜி-சிஎஸ்எஃப் சேர்த்து வைத்தார்கள். இளம் நாய்களில் பல்லின் உள்ளறை புதிய திசுவால் நன்கு நிறைந்தது. இரத்தக் குழாயும் நரம்பும் வந்தன. மூத்த நாய்களில் புதிய திசு குறைவாகவும் மெதுவாகவும் வந்தது. ஆனால் மூத்த நாய்களின் செல்களைத் தனியாகச் சோதித்தபோது அவற்றின் திறன் அவ்வளவு குறைந்திருக்கவில்லை.

விதையில் கோளாறில்லை, நிலத்தில்தான் கோளாறு என்று விவசாயி சொல்வாரே, இங்கே நடந்தது அதுதான். நல்ல விதையை உப்பு ஏறிய நிலத்தில் போட்டுவிட்டு விதையை மட்டும் குறை சொல்ல முடியாது. பல் முதுமை பற்றிய விவாதம் நீண்ட காலம் செல்லையே சுற்றி வந்தது. செல் வந்து இறங்கும் இடத்தின் முதுமையை அளவிட யாரும் அவ்வளவாக முயலவில்லை. ஜப்பானியக் குழுவின் வேலை முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

நிலத்தில் எது மாறியிருந்தது? அவர்கள் கவனம் பற்சூழ் தசைநாரின் செல்கள் மேல் விழுந்தது. பற்கூழ் புதிதாக வளர வேண்டுமென்றால் வேர்நுனித் துளை வழியாக வெளியிலிருந்து செல்களும் குழாய்களும் வர வேண்டும். அவை வரும் பாதையில் இருப்பவை தசைநாரின் செல்கள். மூத்த நாய்களில் சிசிஎல்11 என்ற சமிக்ஞைப் புரதம் உயர்ந்திருந்தது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பி சிசிஆர்3. 2020இல் வெளியான ஆய்வில், அந்த ஏற்பியை மறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது தசைநாரின் செல்களில் முதுமையின் அடையாளங்கள் தணிந்தன. மூத்த நாயின் பல்லில் பற்கூழ் முன்னைவிட நன்கு மீண்டது.

சிசிஎல்11 என்ற பெயரைக் கேட்டதும் முதுமை ஆய்வைப் பின்தொடர்பவர்களுக்கு வேறொரு பரிசோதனை நினைவுக்கு வரும். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டோனி விஸ்-கோரேவின் குழு, மூத்த எலி ஒன்றையும் இளம் எலி ஒன்றையும் இரத்த ஓட்டம் இணையும்படி ஒன்றாகத் தைத்துப் பார்த்தது. மூத்த எலியின் இரத்தம் பாய்ந்த இளம் எலியின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் உருவாவது குறைந்தது. அந்த இரத்தத்தில் வயதோடு கூடியிருந்த புரதங்களில் ஒன்று சிசிஎல்11. அதை மட்டும் இளம் எலிக்கு ஊசியாகப் போட்டபோதும் கற்றல் திறன் குறைந்தது. மூளையிலும் பல்லின் வேர்நுனியிலும் ஒரே புரதம் பேசப்படுவது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் வயது என்பது ஒரு உறுப்புக்குள் அடைபட்ட விஷயமல்ல, உடல் முழுதும் சுற்றும் இரத்தத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

இயோஹாராவின் குழு இன்னொரு வழியையும் முயன்றது. மூத்த நாயின் பல்லில் செல்களை வைப்பதற்கு முன், வேர்க்குழாயின் உட்சுவரை டிரிப்சின் என்ற நொதியால் நனைத்துக் கழுவினார்கள். டிரிப்சின் புரதங்களை வெட்டும் நொதி. நம் சிறுகுடலில் உணவுப் புரதத்தைச் செரிக்க வைப்பதும் இதே இனந்தான். டென்டைன் வெறும் சுண்ணச் சுவரல்ல. பல் உருவான காலத்தில் ஒடான்டோபிளாஸ்ட்கள் சுரந்த வளர்ச்சிக் காரணிகள் அதற்குள் சிறைப்பட்டிருக்கின்றன. சொத்தையின் அமிலம் டென்டைனைக் கரைக்கும்போது அவை கொஞ்சம் கசிந்து, பற்கூழைப் பாதுகாப்பு வேலைக்கு எழுப்பும். வயதான சுவரின் மேல்பரப்பை நொதியால் மாற்றியபிறகு வைத்த செல்கள் கூடுதலாகப் பற்கூழை உருவாக்கின. செல்லில் எதையும் மாற்றாமல், அது ஒட்டிக்கொள்ளும் சுவரை மட்டும் திருத்தி மூத்த பல்லில் பயன் கண்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த முடிவு இதுதான்.

மனிதர்களில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? நகாஷிமாவின் குழு 2017இல் ஐந்து பேரின் பற்களில் தங்கள் முறையைச் செய்து பார்த்தது. மீட்க முடியாத அளவுக்குப் பற்கூழ் வீங்கியிருந்த வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை. எம்ஆர்ஐ படத்தில் 24 வாரங்களில் உள்ளே வளர்ந்த திசு இயல்பான பற்கூழைப் போலவே தெரிந்தது. ஐவரில் மூவரிடம் புதிய டென்டைனும் படிந்தது. ஐந்து பேர் என்பது முறை பாதுகாப்பானதா என்று பார்க்கப் போதும். வயதுக்கேற்ப முடிவைப் பிரித்துச் சொல்லப் போதாது.

2018இல் சீனாவின் ஷியான் நகரிலிருந்து வந்த பெரிய ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. விழுந்தோ இடித்தோ முன்பல்லில் பற்கூழ் இறந்துபோன 40 பேரைச் சேர்த்து, 30 பேருக்கு அவர்களின் சொந்தப் பால்பல்லிலிருந்து எடுத்த செல்களை வைத்தார்கள். 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, செல் வைத்த பற்களின் வேர் நீண்டிருந்தது, வேர்நுனி மூடியிருந்தது, உணர்ச்சியும் திரும்பியிருந்தது. அழகான முடிவு. ஆனால் இங்கே விதையும் இளையது, நிலமும் இளையது. அறுபது வயதுப் பல்லைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

குழந்தைகளின் பல்லில் எளிதாக நடப்பது பெரியவர்களிடம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு வேர்நுனித் துளை பெரிய காரணம். முளைத்த பின்னும் நிரந்தரப் பல்லின் வேர் முழுமையாக வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வேர்நுனி அகலமாகத் திறந்திருக்கும், அங்கே ஸ்டெம் செல்கள் செறிந்திருக்கும். வெளியிலிருந்து செல்லே வைக்காமல், வேர்நுனியைக் குத்தி இரத்தத்தை உள்ளே வரவழைத்துப் பல்லை மீட்கும் முறை இந்த வயதில் பலன் தருகிறது. 2016இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 9 முதல் 13 வயதுக் குழந்தைகள் 14 முதல் 18 வயதினரைவிட நன்றாகத் தேறினார்கள். துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்த பற்களில் வேர் கூடுதலாக வளர்ந்தது. நாலைந்து வயது இடைவெளியே இத்தனை மாற்றம் தருகிறது. வளர்ந்தவர் பல் முற்றிலும் மூடிய கதவல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015இல் வந்த ஆய்வு, வேர் முற்றிய பற்களில்கூட வேர்நுனியிலிருந்து வரவழைத்த இரத்தத்தில் ஸ்டெம் செல்களின் அடையாளங்கள் இருப்பதைக் காட்டியது.

மூத்தவர்களின் பல்லை அதிகம் பறிப்பது ஈறு நோய். அங்கே இழப்பது பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் தசைநாரையும். தசைநாரின் ஸ்டெம் செல்களை எலும்புக் குழிகளில் வைத்து ஷியானில் நடந்த ஒரு மனிதப் பரிசோதனையில், 2016இல் வெளியான முடிவின்படி, செல் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வந்தது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலி ஆய்வு. 2020இல் வெளியான அதில், ஜோனதன் ஆனும் சகாக்களும் மூத்த எலிகளுக்கு எட்டு வாரம் ராப்பமைசின் கொடுத்தார்கள். முதுமையின் பாதைகளில் ஒன்றைத் தணிக்கும் மருந்து அது. உறுப்பு மாற்றிய நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது. எந்த ஸ்டெம் செல்லையும் வைக்காமலேயே அந்த எலிகளின் தாடை எலும்பு மீண்டும் வளர்ந்தது, ஈறின் அழற்சி குறைந்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால் ஈறுக்காக யாரும் இதை வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆனால் நிலத்தைத் திருத்தினால் அங்கேயே இருக்கும் விதை முளைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எலிகளைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் அடியில் எப்போதும் சுறுசுறுப்பான ஸ்டெம் செல்கள் உண்டு. அந்தப் பல்லில் கண்டதை மனிதப் பல்லுக்கு அப்படியே பொருத்த முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப்பின் குழு 2017இல் எலியின் கடைவாய்ப் பல்லைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அது நம் பல்லைப்போல் வளர்வதை நிறுத்திவிடும் பல். அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட டைட்கிளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்துக் குழியில் வைத்தபோது, உள்ளேயிருந்த செல்கள் எழும்பிக் குழியை டென்டைனால் நிரப்பின. மூத்த பல்லில் அதே அழைப்புக்குச் செல்கள் எவ்வளவு பதில் தரும் என்பதுதான் அடுத்துத் தேவைப்படும் பரிசோதனை.

இந்தியப் பெற்றோர் சிலரிடம் குழந்தையின் பால்பல்லைச் சேமிக்கச் சொல்லி விளம்பரங்கள் வருவதுண்டு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்த செல்லுக்கு வயது ஏறாது. ஆறு வயதில் எடுத்தது நாற்பது ஆண்டு கழித்தும் ஆறு வயதாகவே இருக்கும் என்பது அவர்கள் வாதம். செல்லைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தச் செல் போய் இறங்கப் போவது நாற்பத்தாறு வயதுப் பல்லில். மூத்த நாய்களில் ஜப்பானியர்கள் கண்டதை வைத்துப் பார்த்தால் இளம் செல் மட்டும் போதாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி இரத்தத்தைத் தவிர, பல் உள்ளிட்ட மற்ற திசுக்களைக் கட்டணம் வாங்கிச் சேமிப்பதை அனுமதிக்கவில்லை. சிகிச்சைப் பயனுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்பதே அவை சொல்லும் காரணம். குழந்தையின் எதிர்காலத்துக்காக என்று கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று ஐம்பது, அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த ஆய்வுகளிலிருந்து உடனே கிடைக்கும் பலன் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. முன்பெல்லாம் வயதானவரின் பல்லில் சொத்தை பற்கூழைத் தொட்டுவிட்டால் பற்கூழ் முழுவதையும் அகற்றி ரூட் கெனால் செய்வதே வழக்கம். முதிய பற்கூழ் தேறாது என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. 1993இல் மஹ்மூத் தொராபிநெஜாத் அறிமுகப்படுத்திய எம்டிஏ, அதன் பின் வந்த பயோடென்டைன் போன்ற கால்சியம் சிலிக்கேட் சிமென்டுகள் இந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டன. வீங்கிய மேல்பகுதிப் பற்கூழை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, இரத்தம் நின்றபின் இந்தச் சிமென்டை வைத்து மூடினால், வேருக்குள் இருக்கும் பற்கூழ் உயிரோடு தொடர்கிறது. சிமென்டுக்கு அடியில் டென்டைன் பாலம் கட்டுகிறது. வேர் முற்றிய வளர்ந்தவர் பற்களிலும் இது பலன் தரக்கூடும் என்று ஐரோப்பிய எண்டோடான்டாலஜி சங்கம் 2019இலும், அமெரிக்கச் சங்கம் 2021இலும் தங்கள் நிலைப்பாட்டு அறிக்கைகளில் ஏற்றுக்கொண்டன. எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது; இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, பற்கூழ் ஏற்கெனவே இறந்திருந்தாலோ ரூட் கெனால்தான் வழி. அதைத் தீர்மானிப்பது பல் மருத்துவர் பல்லைத் திறந்து பார்க்கும் அந்த நேரத்தின் நிலைமை. நோயாளி தம் பிறந்த ஆண்டைச் சொல்லி, வயதாகிவிட்டது, பிடுங்கிவிடுங்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், உள்ளே உயிருள்ள பற்கூழ் இருந்தால் அதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கலாம்.